'பிரதர்ஹுட்' தொடரைப் பார்த்துக் கருத்துச் சொன்ன நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் குற்றத் தொடர்களைத் தேடிப் பார்ப்பதோடு நில்லாமல், பார்த்தவற்றைப் பற்றி எழுதவும் செய்கிற நண்பர்களுக்கு,

வணக்கம்.

'பிரதர்ஹுட்' தொடரைப் பற்றி நீங்கள் சொல்லிவரும் கருத்துகளைத் தொடர்ந்து படித்து வருகிறேன். 2006 ஜூலை 9 அன்று ஷோடைம் கேபிள் அலைவரிசையில் தொடங்கி, 2008 டிசம்பரில் மூன்றாவது சீசனோடு நின்றுபோன ஒரு தொடருக்காக இத்தனை ஆண்டுகள் கழித்தும் வாதாட ஆள் இருப்பது மகிழ்ச்சிதான். ஆனால் உங்கள் கருத்துகளில் பெரும்பாலானவை அதை ஒரு ரவுடிக் கதையாக எடுத்துக்கொண்டு, ரவுடிக் கதைக்கான அளவுகோலால் அளந்து, குறைந்த மதிப்பெண் போட்டுவிட்டுப் போகின்றன. ஒரு பேட்டையின் வாக்குகளும் வேலைகளும் யார் கையில் இருக்கின்றன, அவை எப்படிக் கைமாறுகின்றன என்பதுதான் அந்தத் தொடரின் கதை என்பது என் வாதம். ரவுடி அதில் ஒரு பங்குதாரர், அவ்வளவே.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் தலைநகரான பிராவிடன்ஸில், 'தி ஹில்' என்று எல்லோரும் அழைக்கிற ஒரு கற்பனையான ஐரிஷ் பேட்டை. அங்கேயே பிறந்து வளர்ந்த டாமி கேஃபி, அந்தப் பேட்டையின் உறுப்பினராக மாநிலப் பிரதிநிதிகள் அவையில் இருக்கிறான். அவனுடைய சகோதரன் மைக்கேல் கும்பல்காரன். தன் உயிருக்குக் குறிவைத்திருந்த ஆள் இறந்துவிட்ட தைரியத்தில், ஏழாண்டுத் தலைமறைவுக்குப் பிறகு தாய் ரோஸின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். இருவருக்கும் சிறுவயதுத் தோழனான டெக்லன் கிக்ஸ் காவல்துறையில் துப்பறிவாளன். பேட்டையின் சட்டவிரோத வரவு செலவுகளை நடத்துபவன் ஃபிரெடி கார்க். பிளேக் மாஸ்டர்ஸ் உருவாக்கிய இந்தத் தொடர் வேறொரு நகரத்தைப் பிராவிடன்ஸாக வேடம் போட வைக்காமல், பிராவிடன்ஸிலேயே படமாக்கப்பட்டது.

இனி உங்கள் கருத்துகளுக்கு வருகிறேன். அடிக்கடி கண்ணில் படுவது, இத்தாலிய அமெரிக்கக் கும்பல் ஒன்றின் கதையான 'தி சோப்ரனோஸ்' தொடரின் ஐரிஷ் நகல் இது என்பது. 1999 முதல் 2007 வரை ஓடிய அந்தத் தொடரின் நிழல் அப்போது வந்த எல்லாக் குற்றத் தொடர்களின் மீதும் விழுந்தது உண்மை. கேபிள் அலைவரிசை, வன்முறை, குடும்பம், அதிகாரம் செலுத்தும் தாய் என்று வெளிப்புற ஒற்றுமைகளை எண்ணிக்கொண்டு போகலாம். ஆனால் சோப்ரனோஸின் மையம் ஒரு கும்பல் தலைவனின் மனம். அவன் உலகில் அரசியல்வாதி என்பவர் தேவைப்படும்போது விலைக்கு வாங்கப்படுகிற ஆள். பிரதர்ஹுடில் அரசியல்வாதி வீட்டுப் பிள்ளை. அவனும் கும்பல்காரனும் ஒரே மேசையில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு உட்காருகிறார்கள். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் ஒப்பிடுவதற்கு நடிகர்களின் முறைப்பும் துப்பாக்கியும் மட்டுமே மிஞ்சும்.

இரண்டாவது கருத்துதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. சட்டமன்றக் காட்சிகள் அலுப்பூட்டுகின்றன, மசோதாவும் குழுக் கூட்டமும் வரும் இடங்களை ஓட்டிவிட்டு மைக்கேல் வரும் இடங்களை மட்டும் பார்த்தால் போதும் என்று உங்களில் சிலர் புதியவர்களுக்கு ஆலோசனையே வழங்குகிறீர்கள். அப்படிப் பார்ப்பவருக்கு, ஒரு மனிதன் எதற்காக அடிக்கிறான், எதை விட்டுக்கொடுக்கிறான் என்பதில் பாதி புரியாமலே போய்விடும். ஏனென்றால் மைக்கேல் தெருவில் பயமுறுத்திச் செய்வதை டாமி அவைத் தாழ்வாரத்தில் கைகுலுக்கிச் செய்கிறான். இருவரும் கையாளும் நாணயம் ஒன்றே: நான் உனக்குச் செய்தேன், நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய்.

இது எழுத்தாளரின் கற்பனைச் சாதுரியம் மட்டுமன்று. அந்த மாநிலத்தின் அளவும் வரலாறும் அப்படி. ரோட் ஐலண்ட் அமெரிக்காவிலேயே பரப்பளவில் மிகச் சிறிய மாநிலம். மக்கள்தொகை பத்து லட்சத்தைச் சற்றே தாண்டும். பிரதிநிதிகள் அவையில் 2003 முதல் 75 இடங்கள். அதற்கு முன் 100. ஆக, ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 14,000 பேர். இந்த அளவில் உறுப்பினருக்கு வாக்காளரின் பெயர் தெரியும், வீடு தெரியும், எந்தப் பிள்ளைக்கு வேலையில்லை என்பதும் தெரியும். மேலும் அது பகுதிநேரச் சட்டமன்றம். உறுப்பினரின் ஊதியத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. எல்லோருக்கும் வேறொரு பிழைப்பு வேண்டும். அந்தப் பிழைப்புக்கும் அவையில் போடும் வாக்குக்கும் இடையே கோடு போடுவது யார் பொறுப்பு? டாமி முதல் சீசனில் நேர்மையாளனாகவே தன்னை எண்ணிக்கொண்டிருப்பதும், மூன்றாவது சீசனுக்குள் அந்தக் கோடு அவன் காலடியில் அழிந்துவிடுவதும், இந்த ஏற்பாட்டை அறிந்தவர்களுக்குத் திடீர்த் திருப்பமாகத் தோன்றாது.

வரலாறு இன்னும் கசப்பானது. 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தில் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிட அதிகமானோர் நாட்டை விட்டு வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ரோட் ஐலண்டின் துணி ஆலைகளுக்கு வந்து சேர்ந்தபோது, அங்கே அவர்களுக்கென்று ஒரு சட்டம் காத்திருந்தது. 1840களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட மாநில அரசியலமைப்பின்படி, அமெரிக்காவில் பிறந்தவர் சொத்தில்லாமலும் வாக்களிக்க வழி இருந்தது. வெளிநாட்டில் பிறந்து குடியுரிமை பெற்றவர் 134 டாலர் மதிப்புள்ள நிலம் வைத்திருக்க வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கு நிலம் ஏது? இந்த விதி 1888 வரை நீடித்தது. அதன் பிறகும் நகர மன்றத் தேர்தல்களில் சொத்துவரி கட்டுவோருக்கு மட்டுமே வாக்கு என்பது 1928 வரை தொடர்ந்தது. 1935 புத்தாண்டு நாளில், ஐரிஷ்காரர்கள் பெரிதும் சார்ந்திருந்த ஜனநாயகக் கட்சியினர் மாநில மேலவையைக் கைப்பற்றி, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரையும் ஒரே நாளில் மாற்றிய நிகழ்வை 'இரத்தமில்லாப் புரட்சி' என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். அத்தனை காலம் வாக்கு மறுக்கப்பட்ட ஒரு சமூகம், வாக்கு கைக்கு வந்ததும் அதை முதலில் எதாக மாற்றிக்கொள்ளும்? வேலையாகத்தான். காவல்துறை, தீயணைப்புத் துறை, சாலைப் பணி, பள்ளிக்கூடம் என்று பேட்டைக்குப் பேட்டை பங்கு பிரிந்தது. பங்கைப் பிரித்துக் கொடுத்தவர் தலைவரானார்.

பக்கத்து மாநிலத்தின் பாஸ்டனில் நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான்கு முறை அந்நகரின் மேயராக இருந்த ஜேம்ஸ் மைக்கேல் கர்லி, இளம் வயதில் தன் பகுதிக்காரர் ஒருவருக்கு அரசு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக அவருடைய பெயரில் தானே தேர்வு எழுதி மாட்டிக்கொண்டவர். 1904இல் அதற்காகச் சிறையில் இருந்தபடியே நகர மன்றத் தேர்தலில் வென்றார். நண்பனுக்காகச் சிறை சென்றவர் என்பது அவருக்குக் களங்கமாக அன்றி விளம்பரமாகவே அமைந்தது. ஐரிஷ்காரர்களின் தனிக்குணம் இது என்று எண்ணிவிடவும் வேண்டாம். பிராவிடன்ஸில் இத்தாலிய வம்சாவளியினரான பட்டி சியான்சி மேயராக இருந்தபோதே சதிக்குற்றத்தில் தண்டிக்கப்பட்டு, 2002இல் சிறைக்குப் போனார். திரும்பி வந்து 2014இல் மறுபடியும் மேயர் பதவிக்கு நின்றார். தோற்றார்தான், ஆனாலும் வாக்களித்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் அவருக்கே போட்டார்கள். இந்த மண்ணில் டாமி கேஃபியை மக்கள் ஏன் மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுக்கிறார்கள், அது நம்பும்படியாக இல்லையே என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல ஏதுமில்லை.

மூன்றாவதாக, பல்ஜர் சகோதரர்களின் உண்மைக் கதையை எதிர்பார்த்துப் பார்க்க உட்கார்ந்து ஏமாந்ததாகச் சொல்பவர்கள். தெற்கு பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் பல்ஜர் 1978 முதல் 1996 வரை மாசசூசெட்ஸ் மாநில மேலவையின் தலைவராக இருந்தார். அவருடைய அண்ணன் 'வைட்டி' பல்ஜர் அந்நகரின் கொடூரமான கும்பல் தலைவர். எஃப்பிஐயின் உளவாளியாகவும் பதிவு செய்யப்பட்டிருந்தவர். 1994 டிசம்பரில் தலைமறைவாகி, 2011 ஜூனில் கலிஃபோர்னியாவில் பிடிபட்டு, 2013இல் 11 கொலைகளில் பங்கு உண்டு என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 2018இல் சிறையிலேயே அடித்துக் கொல்லப்பட்டார். ஓர் அரசியல்வாதி, ஒரு கும்பல்காரன், ஒரே வீடு என்ற மட்டில் ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நீங்கள் பொருத்திப் பார்க்க மறந்த மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். பல்ஜர்கள் வளர்ந்த அதே அரசுக் குடியிருப்பில் வளர்ந்து, எஃப்பிஐ அதிகாரியாகி, வைட்டியைக் காப்பாற்றி, கடைசியில் தானே சிறைக்குப் போன ஜான் கானலி. தொடரில் டெக்லன் கிக்ஸ் இருக்கும் இடம் ஏறத்தாழ அது. பேட்டைப் பற்றும் பதவிப் பிரமாணமும் ஒரே ஆளுக்குள் மோதும்போது எது முதலில் உடையும் என்பதை மைக்கேலைவிட டெக்லன் வழியாகத்தான் தொடர் ஆழமாகக் காட்டுகிறது. டெக்லனாக வரும் ஈதன் எம்ப்ரியின் நடிப்பைப் பற்றி உங்கள் கருத்துகளில் அநேகமாக ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வியப்பே.

சொந்த இரத்தத்துக்கும் பதவிக்கும் இடையிலான இழுபறியில் நிஜம் கதையைவிடச் சிக்கலானதாகவே இருந்தது. வில்லியம் பல்ஜர் 2003 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். தலைமறைவான அண்ணனோடு ஒருமுறை தொலைபேசியில் பேசியதை அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத் தலைவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. அவர் செய்தது சரியா என்று அப்போது தெற்கு பாஸ்டனில் கேட்டிருந்தால் ஒரு பதிலும், நகரின் வேறு பகுதிகளில் கேட்டிருந்தால் வேறொரு பதிலும் வந்திருக்கும். பிரதர்ஹுட் அந்த முதல் பதிலைச் சொல்பவர்களின் நடுவே கேமராவை வைக்கிறது; பார்வையாளரான நாம் இரண்டாவது பதிலோடு வந்து உட்கார்ந்திருக்கிறோம். உங்களில் பலருக்கு ஏற்படும் எரிச்சலுக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

நேசிக்கத்தக்க பாத்திரம் ஒன்றுகூட இல்லை என்ற குறையை நான் பாதி ஏற்கிறேன். டாமியின் மனைவி ஐலீன் கணவனுக்குத் தெரியாமல் போதையிலும் வேறொரு உறவிலும் ஒதுங்குவதைப் பார்த்து, தூய்மையற்ற பெண் என்று தீர்ப்பெழுதியவர்கள், அதே அத்தியாயத்தில் அவள் கணவன் எத்தனை பேரிடம் எத்தனை பொய் சொன்னான் என்பதையும் எண்ணியிருக்கலாம். ஆணின் வன்முறையை 'பாத்திரப் படைப்பு' என்று ரசித்துவிட்டுப் பெண்ணின் மனச்சோர்வை 'இழுவை' என்று தள்ளும் வழக்கம் குற்றத் தொடர் ரசிகர்களிடம் வேரூன்றியிருக்கிறது. இந்தத் தொடருக்கு அது இழைத்த அநீதி பெரிது. ஃபியனுலா ஃப்ளனகன் நடித்த ரோஸ் இல்லையென்றால் தொடரே இல்லை. மகன் என்ன தொழில் செய்கிறான் என்று தெரிந்தும் தெரியாததுபோல் தட்டில் சோறு வைக்கிற தாயை (அங்கே உருளைக்கிழங்கு) நாம் வேறு கதைகளிலும் பார்த்திருக்கிறோம். ஆனால் ரோஸ் கண்மூடிக்கொண்ட அப்பாவி அல்லள். எந்த மகனை எப்போது தட்டிக்கொடுக்க வேண்டும், எப்போது மற்றவனுக்கு எதிராக நிறுத்த வேண்டும் என்று கணக்குப் போடத் தெரிந்தவள். சட்டமன்றத்தில் டாமி காட்டும் பேரம் பேசும் திறமை எங்கே கற்றது என்று தேடினால் அது அந்தச் சமையலறையில்தான் போய் முடிகிறது.

முதல் சீசன் முடிவில் தலையில் அடிபட்ட மைக்கேல், இரண்டாவது சீசனில் மூளைக் காயத்தோடு தடுமாறுவதைச் சிலர் ஏமாற்றமாகக் கருதுகிறீர்கள். பயங்கரமான ஆளைப் பலவீனமாக்கிவிட்டார்கள் என்பது உங்கள் ஆதங்கம். பயத்தை மட்டுமே முதலாகப் போட்டுத் தொழில் நடத்துகிறவனுக்குக் கை நடுங்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வியை இவ்வளவு பொறுமையாக எதிர்கொண்ட தொடர் வேறொன்று எனக்கு நினைவில்லை. மைக்கேலாக நடித்த ஜேசன் ஐசக்ஸின் சிறந்த காட்சிகள் அந்தச் சீசனில்தான் இருக்கின்றன என்பது என் துணிபு.

உச்சரிப்பைப் பற்றி நீண்ட விவாதம் நடத்தியிருக்கிறீர்கள். டாமியாக நடித்த ஜேசன் கிளார்க் ஆஸ்திரேலியர், ஐசக்ஸ் ஆங்கிலேயர், ஃப்ளனகன் டப்ளினில் பிறந்தவர். ரோட் ஐலண்டுக்காரர்களுக்கு அங்கங்கே காதில் இடறியிருக்கலாம். அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. துணைவசனத்தின் துணையோடு பார்க்கிற நாம் அந்தச் சண்டையில் நடுவராகப் போவது தேவையற்றது. அத்தியாயத் தலைப்புகளை முதல் சீசனில் விவிலிய வசனங்களிலிருந்தும், இரண்டாவதில் பாப் டிலன் பாடல் வரிகளிலிருந்தும், மூன்றாவதில் ஷேக்ஸ்பியரிலிருந்தும் எடுத்ததைச் சிலர் வியந்து போற்றுகிறீர்கள். எனக்கு அது கதைக்குத் தேவைப்படாத நகையாகவே படுகிறது.

ஐரிஷ் அமெரிக்கர்களை மறுபடியும் குடிகாரர்களாகவும் அடியாட்களாகவும் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்க முடியாது. 19ஆம் நூற்றாண்டில் தாமஸ் நாஸ்ட் போன்ற கேலிச்சித்திரக்காரர்கள் ஐரிஷ்காரரைக் குரங்கு முகத்தோடு, கையில் தடியும் சாராயமுமாக வரைந்தார்கள். அந்த நினைவுள்ள சமூகம் ஒவ்வொரு புதுத் தொடரையும் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பே. ஆனால் இந்தத் தொடரில் வன்முறை ஒரு இனத்தின் இரத்தத்தில் ஓடுவதாகச் சொல்லப்படவில்லை. ஆலைகள் தெற்கு மாநிலங்களுக்குப் போய்விட்டன. ஒரு காலத்தில் பிராவிடன்ஸுக்குப் பெயர் வாங்கித் தந்த மலிவு நகைத் தொழில் ஆசியாவுக்குப் போய்விட்டது. வேலை தரக்கூடிய இடமாக அரசு ஒன்றே மிஞ்சியிருக்கிறது. அதன் சாவி டாமியிடமும், சாவி கிடைக்காதவர்களுக்கான பின்வாசல் ஃபிரெடியிடமும் இருக்கின்றன. இந்தப் பொருளாதாரத்தைக் காட்டிய பிறகே தொடர் தடியைக் காட்டுகிறது.

நான் வைக்கும் குறை வேறு. தொடர் வந்த காலத்தில் பிராவிடன்ஸ் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். மாநிலச் சட்டமன்றம் அமைந்திருக்கும் ஸ்மித் ஹில், ஐரிஷ்காரர்களின் பழைய பேட்டைகளில் ஒன்று. அங்கே அப்போது கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் குடும்பங்களும் வசித்தன. தொடரின் பேட்டையில் இவர்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. 134 டாலர் நிலம் இல்லாததால் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள், தங்களுக்குப் பின்னால் வந்தவர்களை எந்த வாசலில் நிறுத்தினார்கள் என்பது இந்தக் கதைக்குள்ளேயே இருந்த கேள்வி. இனத்தைப் பற்றிய உங்கள் விவாதங்களில் ஐரிஷ்காரர் நல்லவராகக் காட்டப்பட்டாரா கெட்டவராகக் காட்டப்பட்டாரா என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. காட்டப்படாதவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கடைசியாக, மெதுவாக நகர்கிறது என்ற முறையீடு. இதே காலத்தில் வந்த இன்னொரு ஐரிஷ் பேட்டைத் தொடரை நினைவூட்டுகிறேன். நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சனில் நான்கு சகோதரர்களை வைத்து எடுக்கப்பட்ட 'தி பிளாக் டானலீஸ்' 2007 பிப்ரவரி 26 அன்று என்பிசியில் தொடங்கியது. விறுவிறுப்புக்குக் குறைவில்லை, கதைசொல்லி வேடிக்கையாகப் பேசுகிறான், முதல் அத்தியாயத்திலேயே பிணங்கள் விழுகின்றன. எடுக்கப்பட்ட 13 அத்தியாயங்களில் ஆறு ஒளிபரப்பானதும் தொலைக்காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீதி இணையத்தில் வெளிவந்தது. பிரதர்ஹுடுக்கும் பெரிய கூட்டம் இல்லை. ஆயினும் சந்தாவை நம்பியிருந்த அலைவரிசை அதை மூன்று சீசன், 29 அத்தியாயம் வரை வளரவிட்டது. முதல் சீசன், ஒலி, ஒளிபரப்புப் படைப்புகளுக்கு அமெரிக்காவில் வழங்கப்படும் பீபடி விருதையும் பெற்றது. ஒரு குடும்பம் கெட்டுப்போவதை அது கெட்டுப்போகும் வேகத்திலேயே காட்ட அந்த அவகாசம் தேவைப்பட்டது. விறுவிறுப்பு இருந்தும் மற்றொன்று பிழைக்கவில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

மூன்றாவது சீசனில் எட்டே அத்தியாயங்கள். பல முடிச்சுகள் அவிழாமலும், சில அவசரமாக அவிழ்க்கப்பட்டும் நிற்கின்றன. அங்கே உங்கள் கோபத்தில் நானும் பங்கு கொள்கிறேன். ஆனால் அந்தச் சீசனை விரிவாக அலசி எழுதியவர்கள் உங்களில் மிகக் குறைவு. பெரும்பாலானவர்கள் முதல் நான்கைந்து அத்தியாயங்களோடு நிறுத்திக்கொண்டு முழுத் தொடருக்கும் மதிப்பெண் வழங்கியிருக்கிறீர்கள். எனவே ஒரு வேண்டுகோள்: நேரம் இருப்பவர்கள் இரண்டாவது, மூன்றாவது சீசன்களைச் சட்டமன்றக் காட்சிகளை ஓட்டாமல் பார்த்து எழுதுங்கள். டாமி யாரிடம் எப்போது கடன்பட்டான் என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டே பார்த்தால் எனக்கு விளங்காத இரண்டு இடங்கள்கூட உங்களுக்கு விளங்கக்கூடும். அவற்றைப் பற்றி நீங்கள் எழுதினால் மறுப்பதற்கோ ஒப்புக்கொள்வதற்கோ நானும் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்களைப் போல் இன்னொரு பார்வையாளன்